கொள்வோர் ஒழுக்கம்



கடைக்குச் சென்று சாமான் வாங்கி வருதல் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். நாள்தோறும் நடப்பது எதுவும் சிறிதன்று. பள்ளியில் நாம் கற்கும் குடிமைப் பண்புகள் மெய்யாகவே படிந்துள்ளனவா என்பதை அறியத் தேர்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை. மாலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில் உள்ள பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

விற்போர் ஒழுக்கத்தைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகவே சிந்தித்துள்ளனர். மதுரைக்காஞ்சி பாண்டியர் தலைநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. பட்டினப்பாலை, புகார் நகரத்து வணிகரின் நடுவுநிலைமையைப் போற்றுகிறது. இக்காலத்தில் சட்டமும் துணை நிற்கிறது. எடை குறைந்தால் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் கேள்வி கேட்கும். பொருளில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி காட்டும். ஆனால், கொள்வோர் ஒழுக்கத்தை நிறுக்க எந்தத் தராசு இருக்கிறது? வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு நகர்ந்து செல்பவரை எந்தச் சட்டமும் தொடர்ந்து செல்வதில்லை. அங்கே பண்பு ஒன்றுதான் காவல். ஆகவே அதைப் பற்றிப் பேசுவது தகும் என்று கருதுகிறேன்.

முதலில் இவ்வகை அங்காடி எப்படித் தோன்றிற்று என்பதைப் பார்ப்போம். நம் ஊர்ப் பலசரக்குக் கடையில் வாங்குவோருக்கும் சரக்குக்கும் இடையே ஒரு பலகை உண்டு. நாம் வெளியே நிற்போம். கடைக்கார அண்ணாச்சி உள்ளே நின்று, கேட்டதை எடுத்து நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். உலகெங்கும் இதுவே வழக்கமாக இருந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் இந்தப் பலகையை அகற்றினார். வாங்குவோர் உள்ளே சென்று, தாமே பொருளை எடுத்து, வெளியேறும் வாயிலில் பணம் செலுத்தும் முறையை அமைத்தார். 1937இல் ஓக்லஹோமா நகரத்து வணிகர் சில்வன் கோல்ட்மன், கூடைகளைச் சக்கரத்தின்மேல் ஏற்றித் தள்ளுவண்டியாக்கினார். தொடக்கத்தில் அவ்வண்டியைத் தொட மக்கள் கூச்சப்பட்டனர். எனவே, கூலிக்கு ஆட்களை அமர்த்தித் தம் கடைக்குள்ளேயே வண்டி தள்ளிச் செல்லச் செய்தாராம்! பின்னர் அம்முறை உலகெங்கும் பரவி, நம் தாமிரபரணிக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

பலகை இருந்தவரை, பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பு கடைக்காரருடையது. பலகை அகன்றபின் அப்பொறுப்பில் ஒரு பங்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இதை உணராமையே நாம் காணும் தொல்லைகளுக்கெல்லாம் வேர்.

காய்கறிப் பிரிவிலிருந்து தொடங்குவோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, சுரைக்காயில் நகத்தை ஊன்றிப் பார்ப்பது, தக்காளியை அழுத்திப் பார்ப்பது ஆகியவை நம்மவரின் நெடுநாள் வழக்கங்கள். பறித்த பின்னும் காய் உயிருள்ள பொருள் என்பதைத் தாவரவியல் மாணவர் அறிவர். அது மூச்சு விடுகிறது. நீரை மெல்ல மெல்ல இழக்கிறது. காயம் பட்ட இடத்தில் நீரிழப்பும் மூச்சும் மிகும்; பூசணமும் அழுகல் நுண்ணுயிரும் அவ்வழியே புகும். ஒடித்த வெண்டையை அடுத்தவர் எடுக்க மாட்டார். மாலையில் அது குப்பைக்குப் போகும். அங்காடியிலாவது இழப்பு நிறுவனத்தைச் சேரும். பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையிலோ விளைவித்தவரே முன்னால் அமர்ந்திருக்கிறார். இடைத்தரகர் இன்றி உழவரே விற்க வேண்டும் என்பதற்காக 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. அங்கே நாம் ஒடிக்கும் ஒவ்வொரு நுனியும் விளைவித்தவரின் கைப்பொருளிலிருந்தே போகிறது.

ஒடிக்காமல் முற்றலை அறிய வழி இல்லையா எனின், உண்டு. இளவெண்டையின் நிறம் பளிச்சென்று இருக்கும். மேலே மெல்லிய சுணை தெரியும். உள்ளிருக்கும் விதை வெளியே புடைத்துத் தோன்றாது. இளஞ்சுரைக்காயின் தோலிலும் மெல்லிய சுணை காணப்படும். கண்ணால் அறியக்கூடியதை நகத்தால் அறிவானேன்?

அடுத்து, குளிர்ப்பெட்டிப் பொருள்கள். ஒருவர் பனிக்கூழ்ப் பெட்டி ஒன்றை எடுத்து வண்டியில் வைக்கிறார். நாலு அடி நடந்ததும் மனம் மாறுகிறது. திரும்பிச் செல்லச் சோம்பி, பிஸ்கட் அடுக்கின் இடுக்கில் அதைச் செருகிவிடுகிறார். உறைந்த பொருள்களைச் சுமார் சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸிலும், பால் தயிர் போன்றவற்றை 5 பாகைக்கு உட்பட்டும் காக்க வேண்டும். அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு அதிக நேரம் வேண்டுவதில்லை. உருகியதை மீண்டும் உறைய வைத்து விற்பது பாதுகாப்பன்று. அதைக் கண்டெடுக்கும் பணியாளர் குப்பையில் போட்டாக வேண்டும். காணாமல் யாரேனும் குளிர்ப்பெட்டியில் திருப்பி வைத்துவிட்டால், இன்னும் கேடு: அதை வாங்கிச் செல்லும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் எடுத்த இடத்திலேயே வைக்கலாம். இயலாவிட்டால் பணியாளர் கையில் கொடுத்து, “இது வேண்டாம் தம்பி” என்று சொல்லிவிடலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

வண்டியை நடைபாதையின் குறுக்கே நிறுத்திவிட்டு உறவினரோடு நெடும்பேச்சுப் பேசுதல், பணம் செலுத்துமுன்பே பொட்டலத்தைப் பிரித்து உண்ணுதல், குழந்தைகளை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தல் முதலியவற்றை நீங்களே அறிவீர்கள். அவற்றை விரிக்காமல், எல்லாருக்கும் பொதுவான இடமாகிய வரிசைக்கு வருகிறேன்.

வரிசையில் நிற்பதைப் பற்றிக் கணிதத்தில் ஒரு தனித்துறையே உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய எர்லாங் என்னும் அறிஞர், தொலைபேசி அழைப்புகள் வரும் விதத்தை ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரை அத்துறைக்கு அடித்தளம் இட்டது. அதிலிருந்து வளர்ந்த எளிய கணக்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். தாளில் எழுதிப் பார்க்கலாம்.

ஒரே ஒரு பில் போடும் இடம் இருக்கிறது என்று கொள்வோம். சராசரியாக 2½ நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஒருவருக்குப் பில் போடச் சராசரி 2 நிமிடம் ஆகிறது. வருகையும் வேலைநேரமும் ஒழுங்கின்றி முன்பின்னாக அமைவன. 2ஐ 2½ ஆல் வகுத்தால் 0.8, அதாவது பில் போடுபவர் நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலையில் இருக்கிறார். ஒன்றிலிருந்து இதைக் கழித்தால் 0.2. வேலைநேரமாகிய 2ஐ 0.2 ஆல் வகுக்க, 10 கிடைக்கும். வரிசையில் சேர்ந்தது முதல் வெளியேறுவது வரை ஒருவருக்குச் சராசரி 10 நிமிடம் ஆகும் என்பது இதன் பொருள்.

இப்போது, வந்தவர்கள் சற்றே அசட்டையாக நடந்துகொள்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பில் போட்டு முடிந்த பிறகே பையின் அடியில் பணத்தைத் தேடுகிறார். மற்றொருவர், செலுத்த வேண்டிய வேளையில்தான் கைப்பேசியைத் திறந்து கடவுச்சொல்லை நினைவுகூர்கிறார். இன்னொருவர் காய்களை எடை போடாமலே கொண்டுவந்துவிட்டு, எடைமேடைக்கு ஓடுகிறார். இவற்றால் சராசரி வேலைநேரம் 15 விநாடி மட்டுமே கூடி 2¼ நிமிடம் ஆகிறது. கணக்கைத் திரும்பப் போடுங்கள். 2¼ஐ 2½ ஆல் வகுத்தால் 0.9, ஒன்றிலிருந்து கழித்தால் 0.1, 2¼ஐ 0.1 ஆல் வகுத்தால் 22½. பத்து நிமிடமாக இருந்தது இருபத்திரண்டரை நிமிடம் ஆகிவிட்டது! ஆளுக்குக் கால் நிமிட அசட்டை, அனைவரின் நேரத்தையும் இருமடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. நெரிசல் மிகுந்த வேளையில் சிறு தாமதம் சிறியதாகவே நிற்பதில்லை என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

“ஒரு சாமான்தானே அண்ணாச்சி, கொஞ்சம் முன்னாலே விடுங்களேன்” என்று கேட்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்பது தவறன்று, விட்டுக் கொடுப்பது பெருந்தன்மையும் ஆகும். ஆனால் அவ்வுரிமை முன்னால் நிற்பவர் ஒருவருக்கே உரியதன்று. பின்னால் நிற்கும் எண்மருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களையும் கேளாமல் நுழைவது, அவர்கள் பையிலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும். கைக்குழந்தையோடு வந்தவர், முதியவர், நோயுற்றவர் ஆகியோருக்கு நாமே அழைத்து இடம் தருவது வேறு. அதுதான் வரிசையின் அறம்.

இனி, பில் போடும் இடத்துக்கு அப்பால் இருப்பவரை நினைவோம். திருநெல்வேலிச் சீமைக்கும் கடைத்தொழிலுக்கும் உள்ள உறவு நெடியது. சென்னையில் மளிகைக் கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் வழக்கமே நம் பகுதியினர் அங்கே கடை வைத்ததால் வந்ததுதான். சென்னைத் தியாகராய நகரின் பெருங்கடைகளில் வேலை பார்க்க நம் பக்கத்து ஊர்களிலிருந்து இளைஞரும் பெண்களும் சென்ற வரலாற்றை, 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் எடுத்துக் காட்டிற்று. நாள் முழுதும் நின்றபடியே வேலை செய்வது அவர்களுடைய பெருந்துன்பமாக இருந்தது. கேரள மாநிலம் 2018இல் இதற்குச் சட்டம் கண்டது. 2021இல் தமிழ்நாட்டு அரசும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர்வதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என விதித்தது.

சட்டம் நாற்காலி தரும். மரியாதையை நாம்தான் தர வேண்டும். நான் வழக்கமாகச் செல்லும் கடை ஒன்றில், கல்லூரிப் படிப்பை முடித்த வயதுடைய பெண் ஒருத்தி பில் போடுகிறாள். அவளை “ஏ பிள்ளே” என்று விரல் சொடுக்கி அழைப்போரைக் கண்டிருக்கிறேன். விலைச்சீட்டு மாறியிருந்தால் அவளை அதட்டுவோரையும் கண்டிருக்கிறேன். விலையை நிர்ணயித்தவள் அவள் அல்லள். சில்லறைத் தட்டுப்பாட்டுக்கும் அவள் பொறுப்பல்லள். குறை இருந்தால் மேலாளரிடம் தெளிவாகக் கூறி நியாயம் பெறலாம். கடைக்காரர் பக்கமும் குறைகள் உண்டு. நான்கு பில் போடும் இடங்களை அமைத்துவிட்டு இரண்டை மூடி வைப்பதும், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இனிப்புகளை அடுக்கித் தாயைத் தவிக்க விடுவதும் வணிகரின் செயல்களே. அவற்றையும் கேட்போம். ஆனால் கேட்க வேண்டியவரிடம் கேட்போம்.

நல்லவர்களே இப்படி நடப்பது ஏன்? இக்கேள்வியை நான் பலகாலும் எண்ணியதுண்டு. அண்ணாச்சி கடையில் நம் பெயரும் தந்தை பெயரும் அவருக்குத் தெரியும். அங்கே கூச்சம் நம்மைக் காத்தது. பெரிய அங்காடியில் நம்மை அறிந்தவர் இல்லை. நம்மால் துன்புறுபவரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உருகிய பனிக்கூழை வாங்குபவர் நாளைக்குத்தான் வருவார். ஒடிந்த வெண்டையை எண்ணி வருந்தும் உழவர் எங்கோ இருக்கிறார். காணாதவரையும் கருதிப் பார்க்கும் பழக்கம் இல்லாவிடில், நல்ல மனமும் அங்கே பயன்படுவதில்லை.

இப்பழக்கத்தின் அருமை தட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிப்படும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. முந்தின நாள் மக்கள் கோயம்பேடு சந்தையில் திரண்டு நெருக்கினர். அந்நாளைய கூட்டம் ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை எனினும், சில நாள்களில் அச்சந்தையோடு தொடர்புடைய நோய்த்தொற்று பல மாவட்டங்களில் தென்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் சந்தையே மூடப்பட்டது. ‘எனக்குக் கிடைக்காமற் போய்விடுமோ’ என்னும் அச்சம், எல்லாரையும் ஒரே வாயிலில் கொண்டு நெருக்கும்.

இதற்கு எதிரான காட்சியும் நம் ஆற்றங்கரையிலேயே உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. கடைகளுக்குச் செல்ல வழியில்லாத அவ்வேளையில், அருகிலிருந்த சிற்றூர் மக்கள் தம்மிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து, முன்பின் அறியாத அப்பயணிகளுக்கு உணவளித்தனர். நாளைக்கு வேண்டுமே என்று பதுக்கி வைக்க அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

அத்தகைய மக்களின் பிள்ளைகள் நீங்கள். வெள்ளம் என்றோ ஒருநாள் வரும். அங்காடி வாரந்தோறும் வரும். இன்றே காய்ச்சிக் குடிக்கப்போகும் பாலுக்கு முன்வரிசைப் பொட்டலத்தையே எடுங்கள். பின்னால் கையை விட்டுப் புதிய தேதியைத் தேடாதீர்கள். வீட்டிலிருந்தே மஞ்சள் பையை எடுத்துச் செல்லுங்கள். முறை வருமுன் பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியை அதற்குரிய இடத்தில் சேர்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பெற்றோர் இவற்றில் தவறினால், பொது இடத்தில் திருத்த வேண்டாம். நீங்கள் செய்து காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும், 15 விநாடிக் கணக்கை ஒருமுறை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.