அழித்தும் அழியாதவை

குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களின் விபரங்களை ஒரு பென்ட்ரைவில் பதிந்து வைப்பது என் வழக்கம். ஒருநாள் அதை வீட்டுக் கணினியில் பொருத்தியபோது, போமட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்ற செய்தி திரையில் தோன்றியது. யோசிக்காமல் சம்மதித்தேன். 3 வருட உழைப்பு நொடியில் மறைந்தது.

அக்காவின் மகன்தான் கைகொடுத்தான். "சின்னம்மா, இனி இதிலை ஒண்டும் பதியாதேங்கோ" என்றவன், 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளால் கோப்புகளைத் தேடியெடுத்துக் கணினியில் சேமித்தான். விரைவு போமட் கோப்புகளின் அட்டவணையைத்தான் வெறுமையாக்குகிறதாம். எழுதியவை உள்ளேயே கிடக்குமாம். பெயர்கள் தொலைந்தாலும் பெரும்பாலான கோப்புகள் கிடைத்தன.

மகிழ்ச்சி அடங்குமுன் நெஞ்சு திக்கென்றது. முந்திய வருடம் பழைய பென்ட்ரைவ் ஒன்றை இப்படித்தான் போமட் செய்து, அயல்வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கென்று கொடுத்திருந்தேன்! அன்று மாலையே போய்க் கேட்டு வாங்கினேன். தேடிப் பார்த்தபோது 3 பெண்களின் வாக்குமூலங்கள் வாசிக்கக்கூடியதாகவே இருந்தன.

சகோதரிகளே, அந்தச் செய்தி தோன்றினால் சம்மதிக்காதீர்கள். முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்திலும் பிரதி வையுங்கள். பென்ட்ரைவைப் பிறருக்குக் கொடுக்குமுன், 'குயிக் போமட்' கட்டத்திலுள்ள சரி அடையாளத்தை நீக்கிவிட்டு முழுமையாகப் போமட் செய்யுங்கள். நேரமெடுக்கும்; ஆனால் 2007இல் விற்பனைக்கு வந்த வின்டோஸ் விஸ்டா முதல், அது பழையவற்றின்மேல் பூச்சியங்களை எழுதிவிடுகிறது.

நம்மை நம்பிச் சொன்னவளின் இரகசியம் நம் கவனக்குறைவால் வெளியேறலாமா?