வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற காற்றமுக்கி

வீட்டிலேயே மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்போர், காற்றமுக்கி வாங்குகையில் குதிரைத்திறனையும் தொட்டியின் பருமனையும் மட்டுமே நோக்குவர். ஆயினும் கருவியைத் தொய்வின்றி இயக்குவது, அமுக்கி நிமிடந்தோறும் வெளிவிடும் காற்றின் அளவேயாகும். டயருக்குக் காற்றடைக்கச் சதுர அங்குலத்திற்குச் சுமார் 30 பவுண்டு அழுத்தம் வேண்டும். அதற்குச் சிறிய அமுக்கியே போதும். சக்கர நட்டுகளைக் கழற்றும் காற்று ரெஞ்சுக்கோ, 90 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்திற்கு 4 அல்லது 5 கன அடி காற்று தேவை.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய தொட்டியை வாங்குதல் ஆபத்தானது. அமுக்கப்பட்ட காற்று குளிர்கையில், அதிலுள்ள ஈரம் நீராகித் தொட்டியின் அடியில் தங்கும். அதனால் உட்புறம் துருவேறித் தகடு மெலியும்; வெளித்தோற்றம் நன்றாயிருக்கும்போதே தொட்டி வெடிக்கக்கூடும். ஆகவே, காப்பு வால்வு உள்ள புதிய தொட்டியையே தேர்ந்தெடுத்து, நாள்தோறும் பணி முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுதல் வேண்டும்.