படகுத் தரைக்கு எந்த நுரைவிரிப்பு?



இன்று படகின் தரையைப் பற்றிப் பேசப் போகிறேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஏரியிலும் அணையிலும் பைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு.

சில நாள்களுக்கு முன்பு ஒரு தம்பி என்னிடம் வந்தார். 28 அடிப் பைபர் படகு வைத்திருப்பவர். "அண்ணே, படகுல நுரைப்பாய் ஒட்டலாம்னு இருக்கேன். கடையில நாலு தினுசு காட்டுறாங்க. பார்க்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. விலைதான் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கு. எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

"பாயை அப்புறம் பார்ப்போம். முதல்ல படகைக் காட்டுங்க தம்பி" என்று கரைக்கு அழைத்துப் போனேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விரிப்பு எதற்கு?

கட்டுமரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், நனைந்த மரம் காலைப் பிடித்துக்கொள்ளும். பைபர் அப்படியல்ல. 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் பைபர் படகுகள் ஏராளமாகப் பெருகின. லேசானது, உளுத்துப் போகாது, கரையில் இழுப்பது சுலபம். ஆனால் அதன் வழவழப்பான மேல்பூச்சில் மீன் வழுவழுப்பும் தண்ணீரும் சேர்ந்தால் சோப்புத் தரை மாதிரிதான். இருட்டில் வலை இழுக்கிறோம். அலை ஒரு பக்கம் தூக்குகிறது. கால் வழுக்கினால் விழுவது தரையிலா, தண்ணீரிலா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் விழுந்தால், மற்றவர் என்ஜினைப் பார்ப்பாரா, வலையைப் பார்ப்பாரா, ஆளைப் பார்ப்பாரா?

இன்னொன்று, முழங்காலும் இடுப்பும். கெட்டியான தரையில் ஆறேழு மணி நேரம் என்ஜின் அதிர்வோடு நிற்பது உடம்பைப் படுத்தும். ஆகவே காலுக்குப் பிடிப்பும் மெத்தென்ற தாங்கலும் தருகிற விரிப்பு ஆடம்பரம் அல்ல. ஆனால் தவறான விரிப்பு, விரிப்பே இல்லாததைவிட மோசம்.

நுரையில் இரண்டு சாதி

நுரை என்றால் உள்ளே காற்று அடைத்த சரக்கு. அந்தக் காற்று எப்படி அடைபட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வகை திறந்த அறை நுரை. மெத்தைக்கு வைக்கும் ஸ்பாஞ்சு இந்த வகை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வழி இருக்கும். தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொண்டே போகும்.

இரண்டாவது வகை மூடிய அறை நுரை. மாதுளம்பழத்தில் முத்துகள் தனித்தனியாக இருப்பது போல, ஒவ்வொரு காற்றறையும் தனியே மூடியிருக்கும். மேலே தண்ணீர் நின்றாலும் உள்ளே போக வழியில்லை. படகுத் தரைக்கு இன்று பரவலாக விற்கும் விரிப்பு இந்த வகைதான். அதன் பெயர் எத்திலீன் வினைல் அசிடேட். கடையில் சுருக்கமாக ஈ.வி.ஏ. என்பார்கள். கடைத்தெருவில் கிடைக்கும் லேசான செருப்புகளில் பலவும் இந்தச் சரக்கில் செய்தவையே.

கணக்குப் பார்ப்போம். 6 மில்லிமீட்டர் கனத்தில் 8 சதுர மீட்டர் விரிப்பு போடுகிறோம் என்று வையுங்கள். படகுக்கென்று செய்த ஈ.வி.ஏ. விரிப்பு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ இருக்கும். ஆக மொத்தம் 8 கிலோ. அதே அளவு கெட்டி ரப்பர் பாய் போட்டால் 60 கிலோ வரை வரும், ஓர் ஆள் கூடுதலாக ஏறிய மாதிரி. திறந்த அறை ஸ்பாஞ்சு போட்டால் வாங்கும்போது லேசாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கொள்ளளவு 48 லிட்டர். நன்றாக ஊறினால் 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 கிலோ உப்புத் தண்ணீரைக் காலுக்கடியில் சுமந்துகொண்டு, அதற்கும் சேர்த்து எண்ணெய் எரிக்க வேண்டியதுதான்.

வாங்குமுன் வீட்டிலேயே சோதனை

கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு மாதிரி கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒன்று, தண்ணீர்ச் சோதனை. துண்டைச் சின்னத் தராசில் எடை பாருங்கள். உப்புத் தண்ணீரில் கல் வைத்து அமுக்கி ஓர் இரவு விடுங்கள். காலையில் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். நல்ல சரக்கு என்றால் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிழிந்தால் தண்ணீர் வராது. எடை கூடியிருந்தால் அதைப் படகில் ஏற்றாதீர்கள்.

இரண்டு, அமுக்குச் சோதனை. துண்டின்மேல் நங்கூரம் போல் கனமான ஒன்றை ஓர் இரவு வையுங்கள். எடுத்த பிறகு பள்ளம் மெல்ல மறைய வேண்டும். மறையாவிட்டால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஆறே மாதத்தில் பாய் தட்டையாகிவிடும். நகம் பட்டதும் பிய்ந்து வந்தாலும் வேண்டாம். தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் படுகிற இடம் அது.

மூன்று, வெயில் சோதனை. துண்டில் பாதியை மறைத்து, மாடியில் ஒரு மாதம் வெயிலில் போடுங்கள். நாளாவட்டத்தில் எந்த நிறமும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். ஒரே மாதத்தில் வெளுத்துப்போய்ப் பொடி உதிர்ந்தால் அது வெளி உபயோகத்துக்குச் செய்த சரக்கு அல்ல. உச்சிவெயிலில் வெறுங்காலை வைத்தும் பாருங்கள். கறுப்பும் கருநீலமும் சுடும். வெளிர்சாம்பல், மணல் நிறம் நல்லது. வெள்ளை என்றால் மீன் ரத்தக் கறை தெரியும்.

நான்கு, வழுக்குச் சோதனை. துண்டைப் பலகையில் ஒட்டி, மீன் கழுவிய தண்ணீரைத் தடவி, பலகையைச் சாய்த்து வைத்து வெறுங்காலை ஊன்றிப் பாருங்கள். காய்ந்த பாயில் எல்லாருக்கும் கால் நிற்கும். ஈரத்திலும் கொழகொழப்பிலும் நிற்க வேண்டும். மேல்பக்கம் சொரசொரப்பாகவோ, ஆழமில்லாத கோடுகளோடோ இருப்பது போதும். ஆழமான பள்ளங்கள் வேண்டாம். செதிலும் குடலும் அதில் தங்கி நாறும்.

ஐந்து, எண்ணெய்ச் சோதனை. நாலு சொட்டு பெட்ரோலோ மண்ணெண்ணெயோ விட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். ஈ.வி.ஏ. ஊதிப் பூரிக்கும். இது நல்ல சரக்குக்கும் உள்ள குணந்தான். ஆகவே டேங்க் பக்கத்திலும் எண்ணெய் ஊற்றுகிற இடத்திலும் நுரை போடவே கூடாது. அடுப்பு வைக்கும் இடத்திலும் கூடாது. இது தீப்பிடிக்கும் சரக்கு. பீடித் துண்டு விழுந்தாலே ஓட்டை விழும்.

கனம் எவ்வளவு? 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும். தடியாக வாங்கினால் ஓரம் மேடாகிக் கால் தட்டும். வலை மாட்டி இழுத்தால் ஓரம் பெயரும்.

தரையைத் தட்டிப் பாருங்கள்

இப்போது அந்தத் தம்பியின் படகுக்கு வருவோம். என்ஜின் பக்கம் நின்று குதிகாலால் அழுத்தினேன். தரை லேசாக உள்வாங்கியது. ஒரு நாணயத்தை எடுத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்றிருந்த சத்தம், அங்கே 'தொப் தொப்' என்று மங்கிவிட்டது. பக்கத்திலிருந்த இரண்டு ஸ்குரூவைக் கழற்றினோம். பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

"என்னண்ணே இது? மேலே நல்லாத்தானே இருக்கு!" என்றார்.

மேலே நன்றாகத்தான் இருக்கும். பைபர் உளுக்காது. ஆனால் பல படகுகளில் தரைக்குப் பலம் கொடுக்க உள்ளே பிளைவுட் பலகை வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். ஸ்குரூத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கும். அதன்மேல் அழகான விரிப்பை ஒட்டிவிட்டால், குதிகாலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஒருநாள் கனமான வலையை இழுக்கும்போது கால் தரையைப் பிளந்துகொண்டு போகும். அது கரையிலிருந்து எத்தனை மைல் தூரத்தில் நடக்கும் என்று யார் கண்டது?

அதனால்தான் சொல்கிறேன், விரிப்பு குறையைத் தீர்க்காது, மறைக்கும். முதலில் தரை, பிறகுதான் பாய்.

தரைக்குக் கீழே இன்னொரு நுரையும் இருக்கலாம். படகில் தண்ணீர் நிறைந்தாலும் முழுகாமல் மிதக்கச் செய்வது அதுதான். 100 லிட்டர் அளவு நல்ல நுரை, தன் எடை போக 95 கிலோவுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும். அந்த நுரை 60 லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டால், அத்தனை கிலோ தூக்கும் சக்தியும் போயிற்று. படகு முன்னைவிடத் தாழ்ந்து நிற்கிறது, வேகம் குறைகிறது, எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்றால் இதையும் சந்தேகியுங்கள். தரையைப் பிரிக்கும் நேரத்தில் கையோடு பார்த்துவிடுவது நல்லது. அதை மாற்றும்போது தெர்மக்கோலை அப்படியே வைத்து பைபர் ரெசின் ஊற்றாதீர்கள். ரெசினும் பெட்ரோலும் தெர்மக்கோலைக் கரைத்துவிடும். கெட்டியாக இறுகும் மூடிய அறைப் பாலியூரிதேன் நுரைதான் அந்த இடத்துக்கு ஏற்றது.

ஒட்டும் முறை

பழைய செய்தித்தாளைத் தரையில் பரப்பி, அளவு வெட்டி, அதை வைத்து விரிப்பை வெட்டுங்கள். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் பெயரும். மூடிகளுக்குத் தனித்துண்டு போடுங்கள். தண்ணீர் வடியும் துளையை அடைக்காதீர்கள். துண்டுக்குத் துண்டு அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், தண்ணீர் அந்த வழியாகத் துளைக்கு ஓடிவிடும்.

தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். பக்கத்தில் நெருப்பு ஆகாது. எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டுவதைக் காலை இளவெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் விரிப்பு விரிந்திருக்கும். அப்போது ஒட்டினால் பிறகு சுருங்கி இடைவெளி காட்டும். அதே காரணத்தால் இழுத்துப் பிடித்தும் ஒட்டக்கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒட்டியபின் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

வெட்டிய துண்டுகளையும் பெயர்த்த பழைய பாயையும் கடலில் போடாதீர்கள். அது மக்காது. பொடியாகி மீன் வயிற்றுக்குப் போகும். அந்த மீன் நம் வலைக்குத்தான் வரும்.

பணம் குறைவாக இருந்தால்?

படகு முழுவதும் போட வேண்டும் என்பதில்லை. வலை இழுக்க நிற்கும் இடம், என்ஜின்காரர் நிற்கும் இடம் ஆகிய இரண்டு இடங்களில் நல்ல சரக்காகப் போடுங்கள். முழுப் படகுக்கும் மட்டமான சரக்கு போடுவதைவிட அது மேல். அதற்கும் வசதியில்லை என்றால், சலித்துக் கழுவிக் காயவைத்த மணலை ரெசினில் தூவிப் பூசலாம். முழங்காலுக்குச் சுகமில்லை, வலையும் கொஞ்சம் உராயும். ஆனால் கால் வழுக்காது, தண்ணீரும் குடிக்காது.

அந்தத் தம்பி என்ன செய்தார் தெரியுமா? பாய்க்கு வைத்திருந்த பணத்தில் முதலில் மக்கிய பலகையை எடுத்துத் தரையைச் சரிபண்ணினார். மிச்சப் பணத்துக்கு இரண்டே இரண்டு துண்டு விரிப்பு வாங்கி, ஆள் நிற்கும் இடங்களில் ஒட்டினார். "முழுசாப் போட்டாத்தாண்ணே பார்க்க அழகு" என்று இப்போதும் சொல்கிறார். அழகு அடுத்த வருஷம் வரட்டும். ஆள் பத்திரமாகக் கரைக்கு வரட்டும்.

நீங்களும் நாளைக் காலையில் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் படகின் தரையைத் தட்டிப் பாருங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு கடைக்குப் போகலாம்.