வாயைக் கட்டினால் அடங்குமா இந்தப் பசி?



நம்ம வாலாஜாபாத், உத்திரமேரூர் பகுதிக் குழுக்களில் உடல்நலம் பற்றிப் பேச ஆரம்பித்தால் சர்க்கரை, பிரஷர், கர்ப்பப்பை, மூட்டு வலி என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒரே ஒரு விஷயம் மட்டும் கூட்டத்தில் வராது. கூட்டம் முடிந்து, பாயைச் சுருட்டி வைத்து, நான் வண்டியை எடுக்கும்போது பின்னாடியே வந்து காதோரமாகச் சொல்வார்கள். "அக்கா, வெளியில சொல்லவே வெக்கமா இருக்கு. திடீர்னு தின்னணும்னு ஒரு வெறி வருது. உட்கார்ந்தா கை நிக்க மாட்டேங்குது. வயிறு வலிக்கிற வரைக்கும் துன்னுட்டு அப்புறம் அழுவுறேன். இன்னாக்கா பண்றது?"

இப்படிக் கேட்டவர்களில் இருபது வயசுப் பெண்ணும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவரும் உண்டு. ஒல்லியானவரும் உண்டு. தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் இரண்டு பந்திச் சாப்பாட்டை ஒரே இலையில் சாப்பிடுவதும், பொங்கல் அன்று வயிறு முட்டச் சாப்பிடுவதும் இதில் சேராது. அது எல்லோரும் செய்வதுதான். நான் சொல்வது வேறு. பசியே இல்லாதபோதும் சாப்பிடத் தோன்றும். கொஞ்ச நேரத்துக்குள் சாதாரணமாக ஒருவர் சாப்பிடுவதைவிட ரொம்ப அதிகமாக, வேகவேகமாக உள்ளே போகும். ருசி தெரியாது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. பானையில் மீந்த சோறு, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட், மிக்சர், சில சமயம் வெறும் சர்க்கரை என்று எது கிடைத்தாலும். பெரும்பாலும் எல்லோரும் படுத்த பிறகு, யாருக்கும் தெரியாமல். முடிந்ததும் தன் மேலேயே ஒரு அருவருப்பு. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக இப்படி நடந்தால் இதை ஒரு நோய் என்றே மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். 'பிஞ்ச் ஈட்டிங்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-லேயே இதைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. ஆகவே இது நாக்கு ருசியும் இல்லை, திமிரும் இல்லை.

இங்கிலாந்து இளவரசி டயானாவை ஞாபகம் இருக்கும். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வலிய வாந்தி எடுக்கும் நோய் தனக்குப் பல வருஷம் இருந்தது என்று 1995-இல் டி.வி. பேட்டியில் அவரே சொன்னார். அரண்மனையில் என்ன குறை? சாப்பாட்டுக்கா பஞ்சம்?

எங்கிருந்து வருகிறது இந்த வெறி?

இரண்டு வழியாக வருகிறது. ஒன்று வயிற்றிலிருந்து, இன்னொன்று மனசிலிருந்து. பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதலில் வயிற்றைப் பார்ப்போம், ஏனென்றால் அதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, ஒரு டீயோடு களை எடுக்கப் போகிறோம். மதியம் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கொஞ்சம் சோறு. இரவு எல்லோருக்கும் போட்ட பிறகு மிச்சம் இருந்தால் நமக்கு. செவ்வாய், வெள்ளி விரதம் வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு பஸ்ஸில் போகும் நம்ம பெண்களுக்கு இன்னும் மோசம். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து, வீட்டு வேலை பார்த்து, பதினொரு மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு எழுந்தால் ஒரு நாளைக்கு ஒழுங்கான சாப்பாடு ஒரு வேளைதான். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு உடம்பில் கூடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு' என்று நம்ம குழுக்களில் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சில் எப்போதுமே ஒரு நெருடல். சந்தாப் பணம் சேர்ந்துவிடும். ஆனால் கட்டிப்போட்ட வயிறு சும்மா இருக்காது.

இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1944-45-இல், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக. எல்லோரும் நல்ல உடல், மன ஆரோக்கியம் உள்ள ஆண்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுடைய சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகம் வாங்கிப் படித்தார்கள். மனசு சோர்ந்தது, கோபம் வந்தது. திரும்ப வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்த பிறகும் சிலர் வயிறு வெடிக்கிற மாதிரி சாப்பிட்டார்கள், அப்படியும் பசி அடங்கவில்லை என்றார்கள். பல மாதம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தார்கள். வாட்டசாட்டமான ஆம்பளைகளுக்கே இந்தக் கதி. பகலெல்லாம் பட்டினி கிடந்த உடம்பு ராத்திரி பாத்திரத்தை உருட்டினால் அது உடம்பு தன் கடனை வட்டியோடு வசூல் பண்ணுவது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி மனசு. வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்த நாள், மாமியாரோடு சண்டை, தவணை கட்ட முடியாத வாரம், ஒரு சாவு, பிள்ளை பரீட்சையில் தவறியது. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாதபோது சாப்பாடு கையில் கிடைக்கிறது. சாப்பிடும் அந்தப் பத்து நிமிஷம் மனசு மரத்துப்போகும், உண்மைதான். அதனால்தான் திரும்பவும் அதையே தேடுகிறது. பிறகு குற்ற உணர்வு. "நாளைலேர்ந்து ஒரு வேளைதான்" என்று சபதம். மறுநாள் பட்டினி. சாயங்காலம் பசியும் கவலையும் சேர்ந்துகொள்ளும், ராத்திரி மறுபடியும் அதே கதை. செக்கு மாடு மாதிரி சுற்றுகிறோம்.

உடம்பு பருத்தவர் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்று நினைப்பதும் தப்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் (15 முதல் 49 வயது) 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். முந்தைய 2015-16 ஆய்வில் இது 30.9. ஆனால் அதே 2019-21 ஆய்வில் பாதிக்கு மேல் பெண்களுக்கு இரத்தசோகையும் இருக்கிறது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

எல்லாத் திடீர்ப் பசியும் இதுவல்ல

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு திடீரென்று பசி வந்து, கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் அது சர்க்கரை இறங்கிப்போன அறிகுறி. அப்போது பொறுத்துப் பார்க்கக் கூடாது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். தேறியதும் சாப்பாடு சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். விரதம் இருந்துகொண்டே சர்க்கரை மாத்திரையையும் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, மண், சாம்பல், விபூதி தின்பது இன்னொரு வகை. நடவு நடும்போதுகூட மடியில் அரிசி கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. இது பெரும்பாலும் இரத்தசோகையோடு சேர்ந்து வரும். இரத்தத்தைப் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அந்த ஆசை குறையும். ஸ்டீராய்டு மாத்திரை போன்ற சில மருந்துகளும் பசியைக் கூட்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பகலில் சாப்பிடுவது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஏற்கெனவே அளவில்லாம துன்றேன், இன்னும் சாப்பிடச் சொல்றியேம்மா" என்று சிரிக்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்கான பேச்சு சிகிச்சையிலும் ஆரம்பம் இதுதான். ஒரு நாளைக்கு மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சின்னதாக ஏதாவது. ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காலையில் கேழ்வரகுக் கூழோ இரண்டு இட்லியோ. பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மதியம் சோறு, குழம்பு, கீரை அல்லது ஒரு முட்டை. நாலரைக்கு டீயோடு கொஞ்சம் சுண்டல். இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, அதுவும் எல்லோரோடும் உட்கார்ந்து. கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை விட்டால்தான் இது நடக்கும். வயல் வேலைக்குப் போனால் தூக்கில் எடுத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அளவை மட்டும் நர்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு ராத்திரி வெறி பாதியாகக் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படியும் வெறி வந்தால்? அது ஏறி, உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். மகாபலிபுரம் போயிருப்பீர்கள், அலை எப்படி வருகிறது? நம் மேல் வரும்வரை பெரிதாகத் தெரியும், நின்றுகொண்டிருந்தால் காலை நனைத்துவிட்டுப் போய்விடும். இந்த ஆசையும் பெரும்பாலும் இருபது, முப்பது நிமிஷத்துக்குள் தணிந்துவிடும். 'சாப்பிடவே கூடாது' என்று மல்லுக்கு நிற்காதீர்கள், அது இன்னும் ஏறும். 'இருபது நிமிஷம் கழிச்சுப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுங்கள். அடுப்படியை விட்டு வெளியே வாருங்கள். பூத் தொடுங்கள், நெல் புடையுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுங்கள். நெஞ்சில் எங்கே படபடக்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறதா என்று வெறுமனே கவனியுங்கள். முதல் தடவை முடியாமல் போகலாம், பத்து நிமிஷம் தள்ளிப் போட்டாலும் அது கணக்கில் சேரும். இருபது நிமிஷம் கழித்தும் பசித்தால் தட்டில் போட்டு, உட்கார்ந்து, விளக்கைப் போட்டுச் சாப்பிடுங்கள். நின்றபடி பானையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதுதான் அளவு தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம்.

குழுவுக்கு மினிட் நோட்டு இருப்பதுபோல இதற்கும் ஒரு சின்ன நோட்டு வைக்கலாம். எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டேன், என்ன நடந்தது. மூன்றே விஷயம். எழுத வராதவர்கள் காலண்டரில் புள்ளி வைக்கலாம், பசியால் வந்ததற்கு ஒரு நிறம், மனக்கஷ்டத்தால் வந்ததற்கு ஒரு நிறம். ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு உறுப்பினருக்குப் புள்ளிகள் எல்லாம் சனிக்கிழமையிலேயே விழுந்திருந்தன. சனிக்கிழமை வீட்டுக்காரருக்குக் கூலி வாங்கும் நாள். அவருக்குத் தேவை சாப்பாட்டு யோசனை இல்லை, சனிக்கிழமை ராத்திரி என்ன செய்வது என்ற யோசனை.

ஒரு நாள் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளையைத் தள்ளாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுப்பதும், பேதி மாத்திரை போடுவதும் ஆபத்து. பல் அரிக்கும், தொண்டை புண்ணாகும், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். இப்படிச் செய்கிற பெண் உங்கள் வீட்டில் இருந்தால், திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

எடை குறைக்கும் பவுடர் டப்பா ஊர் ஊராக வருகிறது. இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதில் அதைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். அதை வாங்க உள்கடன் கேட்டவர்களும் உண்டு. தின்னும் வெறி உள்ளவருக்கு இரண்டு வேளை சாப்பாட்டை நிறுத்துவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. அந்தக் கடனைக் கொடுப்பதற்கு முன் குழு இரண்டு முறை யோசிக்கட்டும்.

எங்கே போகலாம்?

இதற்கு வைத்தியம் உண்டு. பேச்சு சிகிச்சை நன்றாகவே பலன் தரும், தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்த நாளில் எங்கே பார்க்கிறார் என்று கேளுங்கள். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கும் போகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்ததிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் நம்ம குழுக்களிலிருந்தே போனவர்தான், அவரிடமும் சொல்லலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் டீயும் போண்டாவும் கொடுக்கும்போது "உனக்கு வேணாம், ஏற்கெனவே குண்டு" என்று கிண்டல் செய்வது பல குழுக்களில் நடக்கிறது. அன்றைக்கு அந்தப் பெண் போண்டாவைத் தொடமாட்டார். ராத்திரி என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். யாராவது தனியாக வந்து இதைச் சொன்னால், "பகலில் என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலை மினிட் நோட்டில் எழுத வேண்டாம்.