மேஜைக்கு வந்த கணினி – 9: பெட்டி மேல் போட்ட ஹெர்ட்ஸ்

போன வாரம் கிராபிக்ஸ் கார்டு. அது வரைந்து தள்ளும் ஃப்ரேம்களைக் காட்டுகிற மானிட்டர் இந்த வாரம். கடையில் 144, 165, 240, 360 என்று பெட்டிக்குப் பெட்டி எண் ஏறும்; கூடவே விலையும். விநாடிக்கு எத்தனை முறை திரை புதிதாகிறது என்பதுதான் அந்த ஹெர்ட்ஸ் கணக்கு.

டியூப் மானிட்டர் காலத்தில் இது அதிசயமே இல்லை. 2000-களின் தொடக்கத்தில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியவர்கள் ரெசல்யூஷனைக் குறைத்துக்கொண்டு 100 ஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். தட்டைத் திரை வந்ததும் எல்லோரும் 60-க்கு இறங்கினோம். மேஜையில் இடம் கிடைத்தது, ஓடுகிற உருவம் மங்கியது. டியூபில் ஒளி மின்னி அணைந்துவிடும். எல்சிடியோ அடுத்த ஃப்ரேம் வரும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். எதிரியைத் தொடர்ந்து கண் நகர்கிறது, படம் அங்கேயே நிற்கிறது. மங்கல் அதனால்தான்.

2009-ல் சாம்சங் 2233ஆர்இசட் 120 ஹெர்ட்ஸுடன் வந்தது, கேமர்கள் மீது இரக்கப்பட்டு அல்ல. என்விடியாவின் 3டி கண்ணாடிக்கு இடக் கண்ணுக்கு 60, வலக் கண்ணுக்கு 60 தேவைப்பட்டது. 3டி மோகம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 120-ஐ மட்டும் கேமர்கள் விடவில்லை.

சரி, எவ்வளவு போதும்? 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி நிற்கும். 144-ல் 6.9. கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி லாபம். மவுஸை அசைத்தாலே தெரிந்துவிடும். 240-ல் 4.2, 360-ல் 2.8. கடைசித் தாவலில் மிச்சம் 1.4 மில்லி விநாடிதான். வலோரன்ட் போட்டிகளில் இறங்குகிறவர் 240 வாங்கட்டும். மற்றவர்களுக்கு 144, 165 தாராளம் என்பது என் கட்சி.

அதுவும் கார்டு அத்தனை ஃப்ரேம் கொடுத்தால்தான். வலோரன்டுக்குச் சாதாரணக் கார்டே போதும். சைபர்பங்க் 2077-ல் எல்லா செட்டிங்கையும் ஏற்றிவிட்டால் பல கார்டுகள் 60-க்கே மூச்சுவாங்கும். ஃப்ரேம் வருகிற வேகத்துக்குத் திரையே இசைந்து கொடுக்கும் வசதியை என்விடியா 2013-ல் ஜி-சிங்க் என்று அறிவித்தது. அதற்கென மானிட்டருக்குள் தனிச் சில்லு, அதற்கெனத் தனி விலை. ஏஎம்டியின் ஃப்ரீசிங்குக்கு அந்தச் சில்லு வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் என்விடியாவும் அந்த வகை மானிட்டர்களுக்குத் தன் கார்டுகளைத் திறந்துவிட்டது. ஆகவே ஜி-சிங்க் முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ரெஸ்பான்ஸ் டைம், அதாவது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், '1 எம்எஸ்' என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பேனலை ஓவர்டிரைவில் விரட்டி எடுத்த எண்ணாக இருக்கும். அந்த செட்டிங்கில் ஆடினால் ஓடுகிற உருவத்தின் பின்னால் வெளிறிய வால் தெரியலாம். விஏ பேனலில் கறுப்பு அழுத்தமாக இருக்கும், ஆனால் பலவற்றில் இருட்டுக் காட்சிகள் இழுபடும். ஐபிஎஸ் நடுவாந்தரம், பெரும்பாலோருக்கு அதுவே பொருத்தம். ஓஎல்இடி வேகத்தில் யாரையும் நெருங்கவிடாது. விலை கையைக் கடிக்கும், அசையாத ஸ்கோர்போர்டு நாளடைவில் தழும்பாகப் பதியவும் கூடும்.

வாங்கி மாட்டிய பிறகும் விண்டோஸ் பல நேரம் 60-லேயே கிடக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் நாம்தான் மாற்ற வேண்டும். அங்கே 144 தென்படவில்லையா? கேபிளைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு, பல மானிட்டர்களில் ஃபுல் எச்டியில் 120-ஓடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் வந்துவிடும்.

(தொடரும்)