சாவியைக் கொடுத்த பிறகு

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பிரயாணம் செய்தவர்களுக்கு அந்தச் சாலையின் அழகை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் ஏலக்காய் விளையும் மலைகள், மறுபுறம் மேகமலை, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பசேலென்று வளர்ந்திருக்கும் நெல்லும் வாழையும் திராட்சைப் பந்தல்களும். மாறியிருப்பது ஒன்றுதான். முன்பெல்லாம் மாட்டு வண்டிகள் அவிழ்த்துக் கிடந்த கல்யாண வாசல்களில், இப்போது மோட்டார் கார்கள் நிற்க இடமின்றித் தவிக்கின்றன.

இந்தத் தவிப்பைத் தீர்க்க வந்தவர்களே 'வாலே பார்க்கிங்' பையன்கள். வாசலில் இறங்கிச் சாவியைக் கொடுத்தால், ஒரு சீட்டைக் கையில் திணித்துவிட்டு வண்டியை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நாமும் ஜமீன்தார்களைப் போல உள்ளே போகிறோம். திரும்பி வரும்போதுதான் சில சமயம் ஜமீன் பறிபோய்விடுகிறது!

சின்னமனூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததும் அதுவே. பல வருஷம் திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்டு வாங்கிய முதல் கார். தேனியில் ஒரு முகூர்த்தத்துக்கு நாமும் அவருடன் சென்றிருந்தோம். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், வண்டியின் பின்புறம் கல்தூணில் மோதி நசுங்கியிருந்தது, விளக்கு நொறுங்கியிருந்தது. பக்கத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா, முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். வீட்டில் அம்மா மட்டுந்தான்" என்றான்.

மண்டபத்துக் காரியஸ்தரோ சீட்டின் பின்புறத்தைச் சாவகாசமாகச் சுட்டிக் காட்டினார். 'வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"போகட்டும், கல்யாண வீட்டில் எதற்குச் சச்சரவு?" என்று நண்பர் கிளம்பிவிட்டார். நாம்தான் தடுத்து நிறுத்தினோம். நம்மவர்களில் பெரும்பாலோர் நஷ்டமடைவது சட்டம் இல்லாததால் அல்ல. சட்டத்தைக் கேட்கக் கூசுவதால்தான்.

அந்தப் பொடி எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை டில்லியில் நடந்த ஒரு வழக்கு தெளிவாக்கியிருக்கிறது. 1998 ஆகஸ்டு 1ஆம் தேதி இரவு ஒருவர் தாஜ்மகால் ஹோட்டலுக்குச் சென்று, தம் மாருதி ஜென் காரின் சாவியை ஹோட்டல் சிப்பந்தியிடம் ஒப்படைத்தார். நள்ளிரவுக்குப் பின் அவர் திரும்பி வந்தபோது காரைக் காணோம். வேறு யாரோ ஓட்டிச் சென்றுவிட்டார்கள். 1938இல் சென்னையில் தோன்றிய யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்தது. பிறகு அவருடைய உரிமையைத் தான் எழுதி வாங்கிக்கொண்டு, அவருடன் சேர்ந்து ஹோட்டலின்மேல் வழக்குத் தொடுத்தது. 2019 நவம்பர் 14ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஹோட்டலின் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. சாவியை வாங்கிக்கொண்டவர் வண்டியைப் பத்திரமாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். தம் சிப்பந்தியின் கவனக்குறைவால் விளைந்த நஷ்டத்திலிருந்து சீட்டு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு ஹோட்டலைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு அடிப்படையான ஒப்படைப்பு விதிகள் 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உள்ளவை. பிறர் பொருளை வாங்கி வைத்துக்கொள்பவர் எவரும், விவேகமுள்ள மனிதன் தன் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. டில்லிக்கு ஒரு நீதி, தேனிக்கு ஒரு நீதி என்று அதில் இல்லை.

நண்பர் பிறகு செய்தவற்றை வாசகர்களின் உபயோகத்துக்காகச் சொல்கிறோம். வண்டியை நகர்த்துவதற்கு முன்பே கைபேசியில் நாலாபுறமும் படம் எடுத்தார். சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டார். நடந்ததைக் காரியஸ்தரிடம் எழுதி வாங்கினார். பையனுடைய டிரைவிங் லைசென்ஸையும் படம் எடுத்தார். இது மிக முக்கியம். உரிமையாளரின் சம்மதத்துடன் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டினால் பாலிசி பொதுவாகச் செல்லும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் கம்பெனி கையை விரித்துவிடலாம். அன்றைய தினமே கம்பெனிக்குத் தகவல் கொடுத்தார். ஸர்வேயர் பார்க்கும் வரையில் பட்டறைக்காரரை வண்டியில் கை வைக்க விடவில்லை. வண்டியே களவு போயிருந்தால் உடனே போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டியிருந்திருக்கும்.

சட்டம் கட்டாயப்படுத்துகிற மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு காசும் கிடையாது. தன் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். அப்படியும் முழுத் தொகை வராது. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர்ப் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி கழித்துவிடுவார்கள். கட்டாயக் கழிவு வேறு உண்டு. அதோடு, குற்றம் நம்முடையதல்லவென்றாலும் 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும். அது ஐம்பது சதவிகிதம் வரை வளரும் சலுகை. 10,000 ரூபாய்ப் பிரீமியத்துக்கு 5,000 மட்டும் கட்டி வந்தவர், 6,000 ரூபாய்ச் சேதத்துக்குக் கிளெய்ம் செய்தால் லாபமா, நஷ்டமா? சிறு கீறலானால் மண்டபத்தாரிடமே நேரில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

நண்பருக்கு நேர்ந்தது பெரிய சேதம். கம்பெனி கொடுத்தது போக மீதியைக் கேட்டு மண்டபத்துக்குக் கடிதம் எழுதினார். 'எல்லாம் தீர்ந்தது' என்று கையெழுத்திட்டுக் கொடுக்க மறுத்தார். கொடுத்தால் மண்டபத்தாரிடம் வசூலிக்கக் கம்பெனிக்கு உள்ள உரிமை கெட்டுப்போகும். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கவும் அவர் எண்ணவில்லை. கம்பெனி அநியாயமாக மறுத்தால் கட்டணமில்லாத இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் உண்டு. மண்டபம் மறுத்தால், இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

அந்தப் படியேற நேரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கு மண்டபத்தார் இறங்கி வந்தார்கள். அக்கடிதத்தின் கடைசி வரியை நாம் மறக்க முடியாது. 'இத்தொகை தங்கள் நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தப் பையனின் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கலாகாது' என்று எழுதியிருந்தார்.

சென்ற மாதம் அதே மண்டபத்துக்கு இன்னொரு முகூர்த்தத்துக்குப் போனோம். அதே பையன் ஓடி வந்து கை நீட்டினான். நண்பர் ஒரு கணம் யோசித்தார்.

"தம்பி, லைசென்ஸ் இருக்கிறதல்லவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, சாவியைக் கொடுத்தார்.