வயல் பாம்பைக் கொல்லாதீர்!

வரப்பில் பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடுவது நம் வழக்கம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கலாம் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்களே. ஆனால் பாம்பைக் கொல்வது இதற்குப் பரிகாரம் ஆகாது. கடிபட்டவரைப் பிழைக்க வைக்கும் மருந்தே பாம்பின் நஞ்சிலிருந்துதான் தயாராகிறது.

இருளர் சங்கம்

செங்கற்பட்டு வட்டாரத்து இருளர்கள் முன்பு பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தனர். தோலுக்காகப் பாம்புகள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. தொழில் இழந்த இருளர்களுக்காக, ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-ல் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இது மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் உள்ளது.

நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து மண்பானைகளில் வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, சில வாரங்களில் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். இந்த நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தே ஊசிமருந்து தயாரிக்கப்படுகிறது. இத்தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஊருக்கு ஊர் நஞ்சு மாறும்

மருந்து தெளித்த வயலில் தப்பிய சில பூச்சிகளின் சந்ததி, பிறகு அம்மருந்துக்கு அடங்குவதில்லை. சூழ்நிலைக்கு ஈடுகொடுத்தது பிழைக்கும். அதன் குணம் வாரிசுகளுக்குச் செல்லும். இதுவே பரிணாமம். பாம்பின் நஞ்சும் இவ்வாறு உருவானதுதான். நஞ்சுப்பை என்பது பல தலைமுறைகளில் மாறி அமைந்த உமிழ்நீர்ச் சுரப்பியே. இரைக்கும் வாழிடத்துக்கும் ஏற்ப, ஒரே இனத்தின் நஞ்சும் பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது.

நாட்டின் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே சென்று வந்தது. ஆனால் இங்குள்ள பாம்பின் நஞ்சில் தயாரான மருந்து, தொலைவிலுள்ள சில பகுதிகளில் அதே இனப் பாம்பின் கடிக்குப் போதிய பலன் தருவதில்லை எனப் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆகவே அந்தந்தப் பகுதிப் பாம்புகளும் அங்கங்கே பிழைத்திருக்க வேண்டும். அழிந்த பாம்பின் நஞ்சுக்கு மாற்றில்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சாரைப் பாம்புக்கு நஞ்சில்லை. கிட்டிக்கு அகப்படாத எலிக்குஞ்சுகளையும் அது வளைக்குள் புகுந்து தின்னும். அதை விட்டுவிடுங்கள். பாம்பைக் கொல்வது சட்டப்படி குற்றமும் ஆகும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவிக்கலாம்.

இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்வோர் டார்ச் விளக்கும் காலணியும் இல்லாமல் போகக் கூடாது. கட்டு விரியன் தரையில் தூங்குவோரைக் கடிக்கும். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது நல்லது. வைக்கோல், விறகு இவற்றை வீட்டையொட்டி அடுக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது கூடாது. கடிபட்ட கை கால்களை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை.